கடற்பாசிக் குப்பியும் கேட்க மறந்த கேள்வியும்



ரமளான் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் அஸருக்குப் பின் ஒரு தட்டில் கடற்பாசி ஆறிக்கொண்டிருக்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஏலம் தட்டிப் போட்டு, ஆறியதும் வில்லை வில்லையாக வெட்டி வைத்தால், பாங்கு சொல்லும் முன்பே பிள்ளைகள் அதைச் சுற்றி அமர்ந்துவிடுவார்கள். திண்டுக்கல்லில் பிறந்த நமக்குக் கடல் என்பது பேருந்து ஏறி மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று ஊர் ஊராகக் கடந்து சென்று காண வேண்டிய பொருள். ஆயினும் நோன்பு திறக்கும் வேளையில் கடல் நம் வீடு தேடி வந்துவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, ‘கடற்பாசி’ என்ற பெயரைத் தாங்கி வரும் எதனையும் நாம் உறவினரை வரவேற்பதுபோல வரவேற்றுவிடுகிறோம். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இம்மாதம் எழுத வேண்டியிருக்கிறது. அதில் என் பங்குக்கு ஒரு தவறும் உண்டு.

எம் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுமியின் தாயார் நாற்பது வயதை ஒட்டியவர். தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரப்பதால் ஏழெட்டு ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை உட்கொண்டு வருபவர். சென்ற ஆண்டு ஒருநாள் அவர் மகளிடம் ஒரு குப்பியைக் கொடுத்து, “ஹஜ்ரத்திடம் காட்டி, இது ஹலால்தானா என்று கேட்டு வா” என்று அனுப்பியிருந்தார். குப்பியின் மேல் பழுப்பு நிறக் கடற்செடி ஒன்றின் படம். உள்ளே அறுபது கேப்சூல்கள். விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பழுப்புக் கடற்பாசியின் சாறு என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். புரட்டிப் பார்த்தேன். கடலில் விளையும் தாவரம், போதை தருவதன்று. “ஹலால்தான் என்று சொல் அம்மா” எனக் கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிராது.

மூன்று மாதம் கழித்து அச்சிறுமி தொடர்ந்து சில நாள் ஓத வரவில்லை. விசாரித்தபோது, தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். நடந்தது இதுதான். குப்பியை விற்க வந்தவர் அவர்களுக்குத் தூரத்து உறவினர். “தைராய்டு நோய் அயோடின் குறைவால் வருவது, இதில் அயோடின் நிறைந்திருக்கிறது, இயற்கைப் பொருள், பக்க விளைவே கிடையாது, இனி இங்கிலீஷ் மருந்து எதற்கு?” என்று சொல்லியிருக்கிறார். மார்க்கம் அறிந்தவரும் ஹலால் என்று சொல்லிவிட்டார். பிறகென்ன? மாத்திரையை நிறுத்திவிட்டார் அந்தச் சகோதரி. முகம் வீங்கிற்று, குரல் கனத்தது, நம்மூர்ச் சித்திரை வெயிலில் குளிர்கிறது என்று போர்வை கேட்டார், அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்துபோனார். ஐந்துக்குள் நிற்க வேண்டிய டி.எஸ்.எச். அளவு எழுபதைத் தாண்டியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் இதயத்தைத் தாக்கியிருக்கும் என்றார் மருத்துவர். அல்லாஹ்வின் அருளால் இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அவருடைய கணவர் என்னிடம் கோபமே இல்லாமல் சொன்ன ஒரு சொல் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. “நீங்கள் ஹலால் என்று சொன்னதால்தான் ஹஜ்ரத், அவள் துணிந்து மாத்திரையை விட்டாள்.”

நான் கல்லூரியில் பயின்றது கலைப்பாடம், மருத்துவம் அன்று. எனினும் அதன் பிறகு பழுப்புக் கடற்பாசியைப் பற்றித் தேடிப் படிக்காமலும், அறிந்த மருத்துவர்களைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

கடற்பாசிகளை நிறத்தால் மூன்றாகப் பிரிப்பர்: பச்சை, சிவப்பு, பழுப்பு. நாம் நோன்பு திறக்கையில் உண்ணும் கடற்பாசி சிவப்பு வகையிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாக் கரையில் அவ்வகைப் பாசிகளுக்கு அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று கஞ்சிப்பாசி; மற்றொன்று மரிக்கொழுந்து. பழுப்பு வகையில் சார்காசம் என்று அறிவியலார் அழைப்பதைக் கட்டக்கோரை என்றும், டர்பினேரியா என்பதைப் பகோடாப் பாசி என்றும் சொல்கிறார்கள். பகோடாப் பாசி என்றவுடன் எண்ணெய்ச் சட்டியை நினைத்துவிட வேண்டா. உருவ ஒற்றுமை மட்டுமே. இந்தப் பழுப்புப் பாசிகள் நம் சமையலறைக்குள் என்றும் வந்தவையல்ல. ஆக, கடற்பாசி தலைமுறை தலைமுறையாக உண்டதுதானே என்னும் சமாதானம் குப்பியிலுள்ள பாசிக்குப் பொருந்தாது. பெயர்தான் ஒன்று, பண்பு வேறு.

பாம்பன், சின்னப்பாலம் முதலிய கடலோரச் சிற்றூர்களின் பெண்கள் இப்பாசிகளைச் சேகரிக்கிறார்கள். பவளப்பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டி, சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை அணிந்து மூச்சடக்கி மூழ்குகிறார்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்ட பின் தீவுகளை அண்டிச் சேகரிப்பதற்குத் தடை வந்தது. அதனால் அவர்களுக்கும் வனத்துறையினருக்கும் நெடுநாள் இழுபறி. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் குப்பியின் விலையில் அப்பெண்களின் கைக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. அது தனியே எழுத வேண்டிய செய்தி.

பழுப்புப் பாசியில் மருந்துக் குணம் உண்டா என்றால், உண்டு. ஐயமில்லாமல் நிலைபெற்ற பயன்களே சில உள்ளன. பல் கட்டுவதற்குச் சென்றவர்களுக்கு நினைவிருக்கும். மருத்துவர் ஒரு தட்டில் குழைவான மாவை இட்டு வாயில் வைத்து அச்செடுப்பார். சிறிது நேரத்தில் அது ரப்பர்போல் இறுகிவிடும். அந்த மாவின் உயிர்நாடி ஆல்ஜினேட் என்னும் பொருள். பழுப்புப் பாசியின் உடற்சுவரிலிருந்து அதனை ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்து 1881இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பல்லுக்கு அச்செடுக்க அகர் பயன்பட்டது. அதாவது நம் நோன்புக் கடற்பாசியேதான்! இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றுபோகவே, சிவப்புப் பாசியின் இடத்தில் பழுப்புப் பாசி வந்தமர்ந்தது.

நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் சில திரவ மருந்துகளிலும் ஆல்ஜினேட் உண்டு. வயிற்று அமிலத்தைத் தொட்டவுடன் அது நுரைத்துத் தெப்பம்போல் மேலே மிதந்து, அமிலம் மேலேறி வராமல் தடுக்கிறது. நீர் கசியும் புண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளின் காற்புண்களுக்கும் ஆல்ஜினேட் நாரால் நெய்த கட்டுத்துணிகள் மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. கசிவை உறிஞ்சிக் குழம்பாக மாறிப் புண்ணை ஈரமாகவே வைத்திருப்பதால், கட்டைப் பிரிக்கும்போது புதுச் சதை பிய்வதில்லை. இவை விளம்பரத்தால் நிலைத்தவையல்ல. நோயாளிகளிடத்தில் பலகாலம் சோதித்து நிலைத்தவை.

இனி, குப்பிகளில் பெரிதாகப் பேசப்படும் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, ஃபியூக்காய்டன். ஸ்வீடன் நாட்டு அறிஞர் கைலின் 1913இல் கண்டறிந்து சொன்னது. கந்தகம் சேர்ந்த ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. அமைப்பிலும் செயலிலும் ஹெப்பாரின் என்னும் இரத்தம் உறையாமைக்கான ஊசி மருந்தை ஒத்தது. ஹெப்பாரின் இன்று பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதும், உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் உலமாக்கள் அதற்கு இடமளித்திருப்பதும் உங்களுள் பலர் அறிந்ததே. ஒருநாள் கடற்செடியிலிருந்து அதற்கு மாற்று வருமாயின் நாம் மகிழ்வோம், இன்னும் வந்தபாடில்லை. மற்றொன்று, பாசிக்குப் பழுப்பு நிறம் தரும் ஃபியூக்கோசாந்தின். உடற்கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லப்படுவது.

இவற்றைக் குறித்து ஆயிரக்கணக்கான ஆய்வுரைகள் வெளிவந்துள்ளன. புற்று அணுக்களை அழிக்கிறது, சர்க்கரையைக் குறைக்கிறது, வீக்கத்தைத் தணிக்கிறது என்றெல்லாம் படிக்கும்போது உள்ளம் பூரிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஊன்றிப் படித்தால், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களிலோ எலிகளிலோ செய்தவை. தட்டிலிட்ட அணுவைக் கொதிநீரும் கொல்லும். மனிதர் விழுங்கினால் குடல் அதனை ஏற்குமா, இரத்தத்தில் எவ்வளவு சேரும், ஈரல் அதனை என்ன செய்யும் என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கு விடை காணும் மனிதச் சோதனைகள் சிலவே, அவையும் சிறியவை.

சீன நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதற்கு நல்ல சான்று. பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட்டைத் துண்டாக்கிச் செய்த ஒரு மருந்துக்கு, முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோய்க்காக, அந்நாட்டு அரசு 2019 நவம்பரில் நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. உலகமே வியந்து திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளிலும் மெய்ப்பிக்க வேண்டிப் பெருஞ்சோதனை தொடங்கினார்கள். 2022இல் அது பாதியிலேயே கைவிடப்பட்டது. முறையாகச் சோதனை நடத்திய மருந்துக்கே இந்நிலையென்றால், சோதனையே காணாத குப்பியைப் பற்றி என்ன சொல்வது?

நம் நாட்டிலும் அரிய முயற்சி நடந்து வருகிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தோன்றி, 1971 வரை இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது; பின்னர் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் அதன் ஆய்வு மையம் இன்றும் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் விஞ்ஞானி காஜல் சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும் கடற்பாசிகளிலிருந்து மூட்டுவலி, சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், தைராய்டுக் குறைவு முதலியவற்றுக்கு உதவக்கூடிய சாறுகளை உருவாக்கி, ‘கடல்மீன்’ என்ற பெயரில் ஒவ்வொன்றாக வெளியிட்டிருக்கிறார்கள். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல்லை வணிகப் பெயராகக் காணும்போது ஒரு மகிழ்ச்சி. இவற்றைத் தனியார் நிறுவனங்கள் உரிமம் பெற்று விற்கின்றன. பாடுபட்டுச் செய்த பணி, பாராட்டத்தக்கது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அரசு நிறுவனமே உருவாக்கியவையாயினும் இவையும் ஊட்டத் துணைப்பொருள்கள் என்ற வகுப்பைச் சேர்ந்தவையே. மருந்துக்குரிய கடுஞ்சோதனை வாயிலைக் கடந்து வந்த மாத்திரைகளுக்கு ஈடாக இவற்றை வைத்துக்கொள்ளலாகாது. மருத்துவருக்குத் தெரிவித்து, மருந்தோடு துணையாகக் கொள்ளலாம். அச்சகோதரி வாங்கியதோ இந்த வரிசையைச் சேர்ந்ததுமன்று. எந்தக் கடலின் எந்தப் பாசி என்பதே அதில் எழுதியிருக்கவில்லை.

இப்போது அயோடினுக்கு வருவோம். இதுதான் செய்தியின் நடுப்பகுதி.

1811இல் பிரான்சு தேசத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய உப்பு தயாரித்து வந்த கூர்ட்வா என்பவர், கடற்பாசியின் சாம்பலோடு அமிலத்தைச் சேர்த்தபோது ஊதா நிறப் புகை எழக் கண்டார். அதுவே அயோடின். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஜெனிவாவில் குவாண்டே என்ற மருத்துவர் அதனை முன்கழுத்துக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். கழலை வற்றியது. புகழ் பரவவே, மக்கள் தாமாகவே வாங்கி அளவின்றி உட்கொண்டார்கள். நெஞ்சு படபடத்து, உடல் மெலிந்து நோயுற்றார்கள். கடற்பாசியின் மருந்தும் அதன் தீங்கும் ஏறக்குறைய ஒரே நாளில் உலகுக்குத் தெரிய வந்தன என்றே சொல்லலாம்.

நம் நாட்டில் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் கழலை நோய் பரவியிருந்ததையும், உப்பில் அயோடின் சேர்த்தால் அது குறைவதையும் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் 1956 முதல் செய்த ஆய்வில் மெய்ப்பித்தார்கள். அங்கே நோய்க்குக் காரணம் அயோடின் குறைவு. ஆனால் 1965இல் ஜப்பானின் ஹொக்கைடோ கடற்கரையிலிருந்து வந்த ஓர் ஆய்வோ, கடற்பாசியை நாள்தோறும் மிகுதியாக உண்ட மீனவர்களிடையே கழலை கண்டிருப்பதைச் சொல்லிற்று. அங்கே காரணம் அயோடின் மிகுதி! குறைந்தாலும் கழலை, மிகுந்தாலும் கழலை. வுல்ஃப், சைக்காஃப் என்ற இருவர் 1948இலேயே எலிகளில் இதன் உட்பொருளைக் காட்டியிருந்தார்கள். அயோடின் அளவு மீறிப் பாயும்போது தைராய்டு தன் உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது. நலமுள்ளவர்க்குச் சில நாளில் சுரப்பி மீண்டும் சமநிலை கொள்ளும். ஏற்கெனவே பழுதுபட்ட சுரப்பி மீளாது கிடந்துவிடும்.

கணக்கையும் பாருங்கள். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் 250. நாம் கடையில் வாங்கும் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் ஒருவர் ஒரு நாளில் எட்டு, பத்து கிராம் உப்பு உண்டுவிடுகிறோம். பிரியாணி நாளென்றால் கேட்கவே வேண்டா. ஆக, தேவை பெரும்பாலும் உப்பிலேயே நிறைந்துவிடுகிறது. 600 மைக்ரோகிராமுக்கு மேல் நாள்தோறும் போகலாகாது என்பது ஐரோப்பிய வல்லுநர்களின் வரம்பு. ஜப்பானியர் கொம்பு என்றழைக்கும் பழுப்புப் பாசியிலோ காய்ந்த ஒரு கிராமிலேயே 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடும். நம் கட்டக்கோரையில் அதைவிட மிகக் குறைவு. எனவேதான் எந்தப் பாசி என்ற பெயரே இல்லாத குப்பி அஞ்சத்தக்கது.

அந்தச் சகோதரியின் நோயோ அயோடின் குறைவால் வந்ததே அன்று. அயோடின் உப்பு புழங்கும் ஊர்களில் தைராய்டுக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் தற்காப்புப் படையே அச்சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்குவது. இடிந்த ஆலைக்கு மேலும் மேலும் மூலப்பொருளை ஏற்றி அனுப்பினால் சரக்கு வருமா? ஆலை செய்ய வேண்டிய சரக்கைத்தான் அந்தச் சிறு மாத்திரை நேராகவே கொடுத்து வந்தது. அதைத்தான் நிறுத்தினார்.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபியூக்காய்டன் இரத்தம் உறைவதைத் தளர்த்தக்கூடியது என்று முன்னரே கண்டோம். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்வோரும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்போரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. இன்னொன்று, பழுப்புப் பாசி கடலில் கரைந்துள்ள உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். ஜப்பானியர் உண்ணும் ஹிஜிக்கி, நம் கட்டக்கோரையின் இனத்தைச் சேர்ந்த பாசிதான். அதில் நஞ்சான வகை ஆர்செனிக் மிகுந்திருப்பதைக் கண்டு, பிரிட்டனின் உணவுத் தரத் துறை 2004இல் அதனை உண்ண வேண்டா என்று மக்களை அறிவுறுத்தியது. எல்லாக் கட்டக்கோரையும் அப்படி என்பதன்று. சோதித்துப் பார்த்த சீட்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். எக்லோனியா என்ற கொரிய நாட்டுப் பழுப்புப் பாசியின் சாற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அனுமதித்தபோது, வளர்ந்தவருக்கு நாளைக்கு 263 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உண்ணலாகாது என்றும், தைராய்டு நோயுள்ளோர் தவிர்க்க வேண்டும் என்றும் குப்பியிலேயே அச்சிடச் செய்தது. அனுமதியும் எச்சரிக்கையும் ஒரே சீட்டில்! நம்மூர்க் குப்பியில் முன்னது மட்டும் இருந்தது.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். கடலுணவில் நம் இரு மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடற்கரையின் ஷாஃபி சகோதரர்கள் வீட்டு நண்டுக் குழம்பைத் திண்டுக்கல் ஹனஃபிகள் தொடாமல் எழுந்து வருவதும், இறாலைப் பற்றி விருந்துப் பாயிலேயே விவாதம் நடப்பதும் நாமறிந்தவை. ஆனால் தாவரத்தில் அந்த வேறுபாடு இல்லை. தீங்கும் போதையும் இல்லாத தாவரம் ஆகுமானது. ‘தீங்கில்லாத’ என்ற அந்த நிபந்தனையை நான் அன்று விழுங்கிவிட்டேன். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 168ஆம் வசனம் உணவைப் பற்றிப் பேசுகையில் ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆகுமானதாகவும் இருக்க வேண்டும். தூய்மையானதாகவும், உடலுக்கு நலமானதாகவும் இருக்க வேண்டும் என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நான் கற்பிக்கும் வசனம் அது. குப்பி கையில் வந்தபோது பாதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

உண்மையில் ஹலால் என்ற பாதியைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பாசி தாவரம்தான், அதைப் பொதிந்திருக்கும் கேப்சூல் உறை எதனால் ஆனது? ஜெலட்டினால் ஆனதெனில் அது மாட்டிலிருந்தா, பன்றியிலிருந்தா? தாவர உறையெனில் பெரும்பாலும் பச்சைப் புள்ளியோடு எழுதியிருப்பார்கள். சாற்றைப் பிரிக்கச் சாராயம் பயன்பட்டிருந்தால் அதன் நிலை என்ன? நான் முஃப்தி அல்லன். ஃபத்வா எழுதும் தகுதியும் எனக்கில்லை. இவை உங்கள் ஊர் உலமாக்களிடம் குப்பியோடு சென்று கேட்க வேண்டியவை.

விற்பவருக்கும் ஒரு சொல். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நம் ஃபுகஹாக்கள் அதை வைத்து ஈட்டுத்தொகைச் சட்டமே வகுத்திருக்கிறார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் சலாம் சொல்லி நெருங்கி, ‘சுன்னத்தான மருத்துவம்’ என்று குப்பியை நீட்டுவோர் அதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். நாட்டுச் சட்டமும் வாளாவிருக்கவில்லை. சர்க்கரை, புற்று முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஊட்டத் துணைப்பொருள்களுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளோ, மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்னும் பொருள்பட ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’ என்று சீட்டில் அச்சிட வேண்டும் என்கின்றன. அந்தச் சகோதரியின் குப்பியை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். அடியில், எறும்பு எழுத்தில், அந்தச் சொற்கள் இருக்கத்தான் செய்தன. பத்தாம் வகுப்பு பயிலும் அவருடைய மூத்த மகன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை.

இப்போது எங்கள் மதரஸாவில் யாரேனும் குப்பியோ பொட்டலமோ அனுப்பினால் உடனே விடை சொல்வதில்லை. எந்தப் பாசி, எந்தக் கடல், ஒரு வேளைக்கு அயோடின் எவ்வளவு, உலோகச் சோதனை செய்த சீட்டு உண்டா, உறை எதனால் ஆனது என்று ஒரு தாளில் எழுதி, இவற்றுக்கு விற்றவரிடம் எழுத்தில் பதில் வாங்கி வரச் சொல்கிறேன். வீட்டில் யார் எந்த மாத்திரை உட்கொள்கிறார்கள் என்பதையும் கேட்கிறேன். இதுவரை நான்கு குப்பிகளுக்கு அப்படித் தாள் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. குப்பியை மட்டும் இருவர் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிந்தேன்.

அந்தச் சகோதரி தம் காலை மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்க்கிறார். ரமளானுக்குச் சில நாள் முன்பு மகளிடம் மறுபடியும் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். நோன்பு திறக்கக் காய்ச்சும் கடற்பாசியையும் இனி விட்டுவிட வேண்டுமா? ஸஹரில் மாத்திரையை எப்போது போடுவது? முதற் கேள்விக்கு, இம்முறை அரை நிமிடத்தில் விடை சொல்லாமல் மருத்துவரைக் கேட்ட பின்பே சொன்னேன். நாம் காய்ச்சும் அகர் கழுவி, வேகவைத்து, வடித்துச் சுத்தம் செய்தது, அயோடின் அதில் மிகக் குறைவு, வழக்கம்போல் உண்ணலாம். இரண்டாவதை மருத்துவரிடமே நேரில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். ஸஹர் உணவுக்கு முன், வயிறு வெறுமையாக இருக்கையில் போட்டுச் சற்று இடைவெளி விட்டு உண்ணுமாறு அவர் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். முதல் நோன்பன்று மாலை அச்சிறுமி ஒரு தூக்கில் கடற்பாசி கொண்டுவந்து கொடுத்தாள். ஏலம் சற்றுத் தூக்கலாக இருந்தது.